நின்றிருந்த டிராக்டரில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் டிராக்டருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. நான்கைந்து மாதம் சாளையின் (தோட்டத்து வீட்டின்) ஓரத்தில் நின்றிருந்த வண்டியை வெளியே எடுக்கும்போது, முன் அச்சுக்குக் கீழே கையகலத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருப்பதையும் ஸ்டீயரிங் டேங்கில் ஆயில் இறங்கியிருப்பதையும் பார்த்தவுடன், பலர் அரை லிட்டர் ஊற்றிவிட்டு உழவுக்குப் போய்விடுகிறார்கள். சிலர் நேராகக் கடைக்குப் போய், முன் சக்கரங்களைத் திருப்பும் சிலிண்டருக்குச் சீல் கிட் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) வாங்கி வருகிறார்கள். கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு இருக்கும் என்று நம்புவதால் வரும் வினை இது. ஆயில் ஹோஸ் மீதும் அச்சின் மீதும் வழிந்து, எது தாழ்ந்த முனையோ அங்கே வந்துதான் சொட்டும்.

முதலில் சொட்டுவது எந்த ஆயில் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தாள் ஒன்றைக் கீழே விரித்து ஒரு இரவு விட்டால் போதும். இன்ஜின் ஆயில் கறுத்திருக்கும். கியர் ஆயிலில் கந்தக நெடி அடிக்கும். டீசலை மூக்கே சொல்லிவிடும். ரேடியேட்டர் கூலன்ட் தண்ணீர்போல ஓடும். ஸ்டீயரிங் ஆயில் வண்டியைப் பொறுத்துத் தேன் நிறத்திலோ சிவப்பாகவோ இருக்கும். சில வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குத் தனி டேங்க் கிடையாது, ஹைட்ராலிக் ஆயிலையே அதுவும் எடுத்துக்கொள்ளும் என்பதால், வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது கழுவுவது. இந்த வேலையைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவந்து சேர்த்த புழுதியும் பழைய ஆயிலும் சேர்ந்து களிம்பாக இறுகியிருக்கும்போது, எது புதுக் கசிவு என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. இன்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, பம்ப், டேங்க், ஹோஸ் முனைகள், ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே இருக்கும் ஸ்டீயரிங் யூனிட்டின் அடிப்பாகம், முன் சிலிண்டர் ஆகியவற்றை டீசலும் பிரஷும் கொண்டு தேய்த்து, துணியால் ஒற்றி, நன்றாகக் காய விட வேண்டும். பிறகு இணைப்புகளின் மேல் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டால், கசியும் இடத்தில் முதலில் ஒரு ஈரப்புள்ளி தெரியும். எங்கள் வீட்டில் பவுடர் டப்பா அடிக்கடி காலியாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனையை இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும். இன்ஜினைத் தொடாமல் ஒரு இரவு நிறுத்திவைத்தே பவுடர் நனைந்திருந்தால், டேங்க், டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு ஹோஸ், திரும்பி வரும் ஹோஸ் ஆகிய அழுத்தம் குறைந்த பகுதிகளைச் சந்தேகிக்கலாம். நின்ற வண்டியில் எலி கடித்த தடமும், வெயிலில் வெடித்த ரப்பரும், தளர்ந்த கிளிப்பும் இங்கேதான் அதிகம் அகப்படும். உறிஞ்சு ஹோஸில் ஒரு விசித்திரம் உண்டு: இன்ஜின் ஓடும்போது ஆயில் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். எனவே டேங்கில் நுரை கட்டி, பம்ப் முனகினால், ஈரம் தெரியாவிட்டாலும் அந்த ஹோஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இரவு முழுவதும் காய்ந்தே இருந்தால், இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாக முழுதாகத் திருப்ப, மற்றொருவர் ஃபேனுக்கும் சக்கரத்துக்கும் விலகி நின்று பார்க்க வேண்டும். கடைசி முனையில் சில நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது, பம்ப் சூடாகிவிடும். பம்பிலிருந்து அழுத்தத்தோடு ஆயில் போகும் ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. கார் டயரில் இருப்பது 2 பார் அளவு அழுத்தம். இங்கே திருப்பும்போது அது 100 பாரைத் தாண்டக்கூடும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், பாய்ச்சல் அதில் தெரியும்.

போல்ட் வழியாக ஆயில் போகும் இணைப்புகளில் ஈரம் கண்டால், முறுக்கி இறுக்குவதற்கு முன் காப்பர் வாஷரை மாற்றுவதே சரி.

நீண்ட நாள் நின்ற வண்டிக்கே உரிய நோய், முன் சிலிண்டரிலிருந்து நீண்டு மடங்கும் தண்டான ராடில்தான் வருகிறது. சீலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஆயில் படலம் காய்ந்துவிட, குரோமில் துருப்புள்ளி விழுகிறது. பக்கத்திலேயே யூரியா மூட்டை அடுக்கியிருந்தால் துரு இன்னும் விரைவாக ஏறும். முதல்முறை திருப்பும்போது அந்தப் புள்ளி சீலின் உதட்டை அறுத்துவிடும். ராடில் மெல்லிய பளபளப்பு இருப்பது இயல்பு, சொட்டாகத் திரள்வது இயல்பல்ல. “சீல் போயிருக்குங்க” என்று என் வண்டிக்கு ஒரே பருவத்தில் இருமுறை சீல் மாற்றினார்கள், இருமுறையும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பிறகு ராடைத் துடைத்து நீளவாக்கில் நகத்தை இழுத்துப் பார்த்தபோது, கடுகளவு குழி ஒன்றில் நகம் தட்டியது. கோவையில் ஒரு பட்டறையில் ராடுக்கு ஹார்டு குரோம் ஏற்றிய பிறகுதான் மூன்றாவது சீல் நின்றது.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் டேங்கில் அளவு இறங்குகிறது என்றால், இன்ஜின் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். இன்ஜினின் டைமிங் கியரால் ஓடும் பம்புகளில் தண்டு சீல் தேய்ந்தால், ஸ்டீயரிங் ஆயில் இன்ஜினுக்குள் இறங்கும். இன்ஜின் ஆயில் அளவு ஏறியிருந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, பம்பைச் சரிசெய்து, இன்ஜின் ஆயிலையும் மாற்ற வேண்டும். ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே, கால் வைக்கும் தகட்டில் ஈரம் கண்டால் குற்றவாளி ஸ்டீயரிங் யூனிட். அதை வீட்டில் பிரிக்காமல் இருப்பதே உத்தமம்.

ஆயில் கிடைக்கவில்லை என்று பிரேக் ஆயிலை ஊற்றுவோர் உண்டு. அது இந்தச் சீல்களின் ரப்பரை உப்ப வைத்துப் பதம் கெடுத்துவிடும். கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் மருந்துகளையும் நான் ஊற்றுவதில்லை.

சரிசெய்த பின் முன் அச்சை ஜாக்கி வைத்து உயர்த்தி, தாங்கல் கொடுத்து, நுரை அடங்கும்வரை ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்பி, இடையிடையே ஆயில் அளவை நிரப்ப வேண்டும். அதன் பிறகு அதே வெள்ளைத் தாளை மறுபடி ஒரு இரவு கீழே விரித்துப் பாருங்கள்.