ஒரே அணியில் நிலைக்கும் ஸ்டாப்பராகவும் கேப்டனாகவும் வளர்வது எப்படி?

கால்பந்தில் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னே பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவராக ஆடும் ஒருவர் பத்து ஆண்டுகள் ஒரே அணிக்கு ஆடினால் ஊர் அதை விசுவாசம் என்று மெச்சுகிறது. மெச்சட்டும், ஆனால் அந்த நீடிப்பினால் முதலில் பயன் பெறுபவர் அந்த ஆட்டக்காரரே என்பதைச் சேலத்திலும் ஏற்காட்டிலும் பந்து விளையாடும் இளைஞர்கள் புரிந்துகொண்டால், சீசனுக்கு ஒரு ஜெர்சி மாற்றும் பழக்கம் பெருமளவு குறையும். முன்வரிசைக்காரர் புதிய அணிக்குப் போன முதல் வாரமே தன் கால்வித்தையால் கோல் அடித்துவிடலாம். பின்வரிசைக்காரரின் திறமையோ, பக்கத்தில் நிற்பவர் எப்போது ஏறுவார், கோலி (கோல்காப்பாளர்) எந்தப் பந்துக்கு வெளியே வருவார், எதற்கு வரமாட்டார் என்பதைக் கேட்காமலே அறிந்திருப்பதில் பாதிக்குமேல் அடங்கியிருக்கிறது. 1993-94 இத்தாலி லீக்கில் ஏசி மிலான் 34 ஆட்டங்களில் 15 கோல்கள் மட்டுமே வாங்கிப் பட்டம் வென்றது. அடித்தவையும் 36 தான். தசோட்டி, கோஸ்டகுர்த்தா, பரேசி, மால்தீனி ஆகியோர் அதற்கு முன்பே பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்கள். 1990-91இல் ஸ்டாப்பர் டோனி ஆடம்ஸைக் கேப்டனாகக் கொண்ட இங்கிலாந்தின் ஆர்சனல் 38 ஆட்டங்களில் 18 கோல்கள் மட்டுமே வாங்கியதற்கும் இதே காரணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் வேலை, வரிசையைப் பழக்குவது. செவ்வாய்ப்பேட்டையில் நல்ல நூல் கயிறாக வாங்கி, எட்டு மீட்டர் அளவில் மூன்று துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். பின்வரிசையின் நால்வரும் அவற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கட்டும். பயிற்சியாளர் பந்தை இடப்பக்கம் கொண்டுபோனால் நால்வரும் அப்பக்கம் நகர வேண்டும். கயிறு தொய்ந்தால் இருவர் ஒட்டிவிட்டார்கள், சுண்டி இழுத்தால் நடுவே வழி திறந்துவிட்டது என்று பொருள். எதிரி பந்தோடு முதுகைக் காட்டினாலோ, பந்தைத் தன் பின்னால் இருப்பவருக்குத் தள்ளினாலோ ஸ்டாப்பர் ‘ஏறு’ என்று குரல் கொடுக்க, வரிசை முழுவதும் நாலைந்து அடி எடுத்துவைக்கும். எதிரி தலையை நிமிர்த்திப் பார்க்கிறார், அவரை நெருக்க யாரும் இல்லை என்றால் ‘இறங்கு’. ஓடாமல், நடந்தே இதை வாரத்திற்கு இரண்டு முறை கால்மணி நேரம் செய்தால் போதும். இது சலிப்பூட்டும் பயிற்சிதான். சலிக்கும்வரை செய்யாத அணிகளே, எதிரி வரிசையைத் தாண்டி நின்றுவிட்டார், ஆப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

அடுத்தது, தனியாக ஒருவரை எதிர்கொள்வது. கோடைக்காலத்தில் சேலத்து மைதானங்களின் செம்மண் தரை பாறையாக இறுகிவிடுகிறது. அதில் சறுக்கித் தடுத்தால் தொடைத்தோல்தான் மிச்சம். நின்றே தடுக்கப் பழகுங்கள். எதிரியிடமிருந்து ஒன்றரைக் கை தூரத்தில், இரு பாதங்களும் ஒரே கோட்டில் இராமல் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, உடலைச் சற்றே திருப்பி, முழங்கால் மடங்கி நில்லுங்கள். கண் அவருடைய இடுப்பையோ தோளையோ பார்க்காமல் பந்தை மட்டும் பார்க்கட்டும். அவருக்குப் பலமில்லாத கால் எதுவோ, அந்தப் பக்கமாக, கூடுமானவரை எல்லைக்கோட்டை நோக்கித் தள்ளிச் செல்லுங்கள். பந்து அவர் காலைவிட்டு அரை அடி விலகும் கணத்தில் முன்காலை நீட்டினால் போதும். இறுகிய தரையில் உயரப் பந்து கூடுதலாக எழும்பும் என்பதால் அதைத் தரையில் குத்த விடாமல் காற்றிலேயே எதிர்கொள்வது முதல் விதி. கடைசி ஆளாகப் பெனால்டிப் பகுதிக்குள் நிற்கும்போது சட்டையைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்: உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்தவர் பந்துக்காக உண்மையாகவே கால் நீட்டியிருந்தால் பெனால்டியோடு மஞ்சள் அட்டை என்று 2016இல் விதி தளர்த்தப்பட்டது, பிடித்து இழுத்தாலும் தள்ளினாலும் இன்றும் சிவப்பு அட்டைதான்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் நீண்ட உதை சமவெளியில் விழுவதைவிடச் சற்றுத் தள்ளியே விழும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து இறங்கிய உடனே ஆடும் சேலத்து அணிக்கு முதல் கால்மணி நேரம் மூச்சும் பிடிபடாது. பிற்பகலில் காபித் தோட்டங்களிலிருந்து மூடுபனி ஏறி மைதானத்தை மூடும் நாள்களில் வரிசையை ஐந்து மீட்டர் கீழே இறக்கி, கண்ணை நம்பாமல் குரலை நம்பி ஆடுங்கள். மலைமேல் வளரும் ஸ்டாப்பர்கள் இயல்பாகவே சத்தமாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கேப்டன் பட்டை கையில் வந்தவுடன் அதிகாரம் வந்துவிட்டதாக எண்ணுபவர்கள் விதிநூலை ஒரு முறை படிக்கலாம். அணித்தலைவருக்குத் தனிச் சலுகையோ தகுதியோ கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டுமே உண்டு என்று அது தெளிவாகக் கூறுகிறது. 2024 முதல், போட்டி அமைப்பாளர்கள் விரும்பினால் கேப்டன் ஒருவர் மட்டுமே நடுவரை அணுகலாம் என்ற நடைமுறையைக் கொண்டுவர முடியும். அது நடைமுறையில் இல்லாத போட்டியிலும் அப்படியே நடந்துகொள்வது நல்லது. முதலில் நம் ஆட்களை நான்கு அடி பின்னால் தள்ளிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ‘சார், எந்தத் தப்புக்குன்னு மட்டும் சொல்லுங்க’ என்று கேளுங்கள். தீர்ப்பு மாறாது, ஆனால் அடுத்த முறை சந்தேகத்தின் பலன் யாருக்குக் கிடைக்கும் என்பது இத்தகைய சிறு மரியாதைகளில் இருக்கிறது. நாணயச் சுண்டலில் வென்றவர் பந்தைத் தொடங்கும் உரிமையையும் கேட்கலாம் என்று 2019இல் விதி மாறியபின் பலரும் யோசிக்காமல் அதையே கேட்கிறார்கள். கிழக்கு மேற்காக அமைந்த மைதானத்தில் மாலை நான்கு மணிக்கு ஆட்டம் என்றால், முதல் பாதியில் நம் கோலி சூரியனைப் பார்க்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து மணிக்குமேல் தாழ்ந்த வெயில் எதிரணியின் கண்ணில் அடிக்கும்.

இளையவர்களைக் கையாள்வதே கேப்டனின் கடினமான வேலை. பதினெட்டு வயது இடப்பக்க பேக் ஒருவன் ஒரே எதிரியிடம் இரண்டு முறை ஏமாந்தால், பார்வையாளர் முன்னிலையில் அவனைப் பார்த்துக் கத்துவதால் மூன்றாவது முறையும் ஏமாறுவான். பந்து வெளியே போகும் இடைவெளியில் பக்கத்தில் போய், ‘தம்பி, அவன் உள்ளேதான் வெட்டுறான். கோட்டுப் பக்கம் வழிவிடு, நான் பின்னாடி நிக்கிறேன்’ என்று சொல்லுங்கள். ‘சரிங்கண்ணா’ என்று அவன் சொல்லிவிட்டால், சொன்னபடி நீங்கள் அங்கே நின்றாக வேண்டும். திட்டுவதெல்லாம் ஆட்டம் முடிந்தபின், தனியாக.

அணி தோற்கும் காலத்தில்தான் நிலைத்திருப்பது சோதிக்கப்படுகிறது. பரேசியின் மிலான் 1980களின் தொடக்கத்தில் இரண்டு முறை இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அவர் விலகவில்லை, 22 வயதில் கேப்டனானார், 1997வரை அங்கேயே ஆடினார். ஆனால் வருமானமில்லாத ஊர் அணியில் ஆடும் நெசவாளி மகனையோ வெள்ளிப் பட்டறைத் தொழிலாளியையோ பரேசியோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீட்டைத் தமிழக அரசு வழங்குகிறது. தென்னக ரயில்வே போன்ற துறைகளும் ஆட்டக்காரர்களை எடுக்கின்றன. அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள், அதைத் துரோகம் என்று சொல்பவர் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டப்போவதில்லை. எங்கே சென்றாலும் மாவட்ட, மாநிலப் போட்டிகளின் சான்றிதழ்களை ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். ஒரே சீசனில் இரண்டு அணிகளின் பதிவுப் படிவத்திலும், எழுதப்படாத வெற்றுப் படிவத்திலும் கையெழுத்திடாதீர்கள். கைக்காசுக்காக ஆடும் செவன்ஸ் (அணிக்கு எழுவர் ஆடும்) போட்டிகளை முற்றிலும் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அணியின் சம்மதத்தோடு, லீக் ஆட்டத்திற்கு முந்தைய வாரத்தில் இல்லாமல் ஆடுங்கள்.

உடம்பைக் காப்பாற்றாமல் இவற்றில் எதுவும் நடக்காது. ஃபிஃபா 11+ என்ற உடல்சூடேற்றும் பயிற்சிக்கு இருபது நிமிடமும் ஒரு பந்தும் போதும், அதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் காயங்கள் குறைவதும் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங் தலைக்காயத் தையலோடு முன்வரிசையில் ஆடி, தென்கொரியாவை 2-1 என வென்ற இறுதியாட்டத்தில் கோலும் அடித்தார். அந்த வீரத்தை வணங்கலாம், பின்பற்றக் கூடாது. தலையில் அடிபட்டுக் கண் இருண்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

வயது ஏறும்போது இடத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். 16 வயதில் 1985இல் மிலானுக்காக முதல் ஆட்டம் ஆடி, 2009வரை 902 ஆட்டங்கள் ஆடிய மால்தீனி, நீண்ட காலம் இடப்பக்க பேக்காக ஓடியபின் நடுவே நகர்ந்தார். ஓட்டம் குறைந்த இடத்தை ஊகம் நிரப்பியது. பட்டையைக் கைமாற்றுவதற்கும் பழக்கம் தேவை. கல்லீரல் கட்டிக்கு அறுவை செய்து மீண்ட சக ஆட்டக்காரர் அபிதாலின் கையில், 2011 வெம்பிளியில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் முடிந்ததும் பார்சிலோனா கேப்டன் புயோல் பட்டையைக் கட்டி, கோப்பையை அவரையே தூக்கச் சொன்னார். அதனால் புயோலின் தலைமை குறைந்துவிடவில்லை. நீங்களும் சிறு ஆட்டங்களில் அடுத்தவரிடம் பட்டையைக் கொடுத்துப் பாருங்கள். விலகும் முடிவை எடுத்துவிட்டால், அடுத்த சீசனுக்கான ஆட்டக்காரர் பதிவு தொடங்குவதற்கு முன்பே நிர்வாகிகளிடம் சொல்லிவிடுங்கள். பதிவு முடிந்தபின் சொன்னால் வேறு ஸ்டாப்பரைத் தேட அவர்களுக்கு வழியிருக்காது.