ஒரே மரமா, இணைத்த மரமா? பூல் கோலின் அடிப்பாகத்தைப் பார்த்து அறியும் முறை

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டுக் கதவு தளர்ந்து ஆடும். மார்கழி மழைக்கு அதே கதவு வீங்கி, தோளால் தள்ளினால்தான் திறக்கும். மட்டக்களப்பில் பூல் கோல், அதாவது பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல், வாங்குபவர் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். கோலும் மரம்.

பூல் கோல் பொதுவாக 58 அங்குலம். நடுவில் திருகிக் கழற்றினால் கைபிடி உள்ள தடித்த பாதிதான் அடிப்பாகம். ஏறத்தாழ 29 அங்குலம். அதை ஒரே மரத்தில் கடைந்தெடுப்பதும் உண்டு. முன்பகுதி, கைபிடி, கடைப்பகுதி என மூன்றாகச் செய்து, திருகாணியும் எபொக்சிப் பசையும் கொண்டு இணைப்பதும் உண்டு. ஒரே மரம் என்றாலே உயர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை.

1. மர ரேகையைத் தொடருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு ரேகையைப் பிடித்து நகத்தால் கீழ்நோக்கிப் போங்கள். கைபிடிக்கு மேலுள்ள வளையத்தைத் தாண்டியும் அதே ரேகை ஓடினால் ஒரே மரம். அங்கே நிறமோ ரேகையோ மாறினால் இணைப்பு. வளையம் அழகுக்காகவும் பதிக்கப்படும். அதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

2. தட்டிக் கேளுங்கள். மேல்முனையை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் மொட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். தெளிவான ஓசை வரவேண்டும். வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர்ந்தால், அடியிலுள்ள இறப்பரைக் கழற்றி, கோலின் எடையைக் கூட்டிக் குறைக்க உள்ளே போடும் எடைத் திருகாணியை இறுக்கிப் பாருங்கள். பிறகும் அதிர்ந்தால் பசை விட்டிருக்கக்கூடும். அந்தக் கோல் வேண்டாம்.

3. மேசையில் உருட்டுங்கள். அடிப்பாகத்தைத் தனியாக உருட்டும்போது அடியில் தெரியும் வெளிச்சக் கீற்று விரிந்து சுருங்கினால் மரம் வளைந்திருக்கிறது.

4. எடையைக் கணக்கிடுங்கள். துண்டுகளாகச் செய்வதன் காரணம் இங்கேதான் புரியும். மேல்முனை 21 மில்லிமீற்றர், கீழ்முனை 32 மில்லிமீற்றர் என்றால் அடிப்பாகத்தின் கனவளவு 400 கன சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். மேப்பிள் மரத்தில் அது 290 கிராம் அளவில் நிற்கும். நம் கருங்காலியில் 400 கிராமைத் தாண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரமல்லவா! மெல்லிய மற்றப் பாதியான மேல்கோல் 110 கிராம், திருகாணிகள் வேறு. வழக்கமான முழுக் கோலின் எடையே 510 முதல் 595 கிராம்தான். முழுக்கக் கருங்காலி என்றால் எடையைக் கூட்டிக் குறைக்க இடமே இராது. மூன்று துண்டுகளாகச் செய்பவர் கருங்காலியை முன்பகுதிக்கு மட்டும் வைத்து, நூல் சுற்றி மறைக்கும் கைபிடியை மேப்பிளில் கடைந்துவிடுவார். சிலர் அழகிய மரத்தின் நடுவைத் துளைத்து, நேரான மேப்பிள் தண்டு ஒன்றை உள்ளே ஒட்டுவார்கள். வளைய முனையும் மரத்தை அந்தத் தண்டு பிடித்து நிறுத்தும்.

எனவே முதற்கோல் வாங்குபவருக்கு நான் சொல்வது: இணைப்பு இறுக்கமாக உள்ள மூன்று துண்டுக் கோலை எடுங்கள். எளிய மேப்பிள் கோல் ஒரே மரத்தில், நேரான ரேகையுடன் கிடைத்தால் அதுவும் நல்லது. அடிக்கும்போது கைக்கு வரும் அதிர்வு எனக்கு அதில்தான் பிடிக்கும்.

ஊர் மரத்தில் கடையச் சொல்ல விரும்பினால் அவசரம் கூடாது. தை மாதம் நேராகக் கடைந்த ஒரு முதிரைக் கோல், ஆவணிக்குள் என் கையில் வில்லாக வளைந்தது, மரம் காயவில்லை. இப்போது பழைய வீட்டு நிலைக்கால் ஒன்றை வாங்கி, சதுரமாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி அறையில் தொங்கவிட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை தராசில் வைத்து எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதுகிறேன். எடை குறைவது நின்ற பிறகுதான் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோவேன்.