தகரக் கூரைக்கு வெப்பக் கணக்கு: கடத்தலா, கதிர்வீச்சா?

கூரைக்கு வெப்பக் கணக்குப் போட உட்கார்ந்தால் நான் முதலில் மென்பொருளைத் திறப்பதில்லை. ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக்கொள்வேன். ஒன்று k/L, அதாவது பொருளின் வெப்பக் கடத்துத்திறனைத் தடிமனால் வகுத்தது. பொருளுக்குள் வெப்பம் கடத்தப்படுவதைச் சொல்லும் ஃபூரியே விதியிலிருந்து வருவது. மற்றொன்று 4σT³, கதிர்வீச்சைச் சொல்லும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதியிலிருந்து அதே அலகில் (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட்) கிடைப்பது; σ அந்த விதியின் மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை. எதை விரிவாக எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

300 கெல்வினில் 4σT³ ஏறக்குறைய 6. அரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுக்கு k/L சுமார் ஒரு லட்சம்! தகட்டின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒரே வெப்பநிலைதான். ஒரே கணுவாக, அதாவது ஒரே வெப்பநிலையுள்ள ஒரே புள்ளியாக வையுங்கள், உள்ளே கடத்தலைக் கணக்கிடுவது வீண். 12 செ.மீ. கான்கிரீட்டுக்கு (k 1.5) 12.5 வருகிறது. இங்கே இரண்டு விதிகளும் சமபலம், தளத்தை நாலைந்து அடுக்காகப் பிரித்தே ஆக வேண்டும். 5 செ.மீ. தெர்மகோலுக்கு 0.7தான், வெப்பத்தைத் தடுப்பது கடத்தல் எதிர்ப்பு, மேற்பரப்பின் உமிழ்திறன் (கரும்பொருளோடு ஒப்பிட்டால் எவ்வளவு கதிர்வீசுகிறது என்ற 0 முதல் 1 வரையான எண்; கரும்பொருள் என்பது முழுமையாகக் கதிர்வீசும் பொருள், அதற்கு 1) கொஞ்சம் முன்பின் ஆனாலும் விடை பெரிதாக மாறாது.

அடுத்து, கெல்வின். கடத்தலில் வெப்பநிலை வித்தியாசம் மட்டுமே வருவதால் செல்சியஸில் போட்டாலும் விடை சரி. கதிர்வீச்சில் வெப்பநிலையின் நான்காம் அடுக்கு (T⁴) வருகிறது, அதனால் கெல்வின்தான் போட வேண்டும். தகரத்தின் அடிப்பக்கம் 60 டிகிரி, தரை 35 டிகிரி என்று வைப்போம். இரண்டையும் கரும்பொருளாகக் கொண்டால் 333, 308 கெல்வினுக்குச் சதுர மீட்டருக்கு 187 வாட். செல்சியஸை அப்படியே போட்டால் 0.65 வாட்! விடை நூறு மடங்குக்கு மேல் குறைந்து தெரிந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

நான்காம் அடுக்கை நேர்கோடாக்கலாமா? சராசரி வெப்பநிலையில் 4σT³ எடுத்து 25 டிகிரியால் பெருக்கினாலும் 187தான் வருகிறது. கூரைக்குத் தாராளமாகப் போதும். 1000 கெல்வின் உலையும் 300 கெல்வின் சுவரும் என்றால் இதே வழி 22 சதவீதம் குறைத்துக் காட்டும். அங்கே முழுச் சமன்பாடுதான்.

காற்றின் வெப்பச்சலனமும் உண்டு. ஆனால் சூடான காற்று கூரைக்கு அடியிலேயே தேங்கிவிடுவதால் கீழ்நோக்கி அது கொண்டுவருவது குறைவு. நண்பகலில் உச்சந்தலையில் அடிக்கும் அனல் பெரும்பாலும் கதிர்வீச்சே. அதனால்தான் தகரத்தின் அடியில் பளபளப்பான அலுமினியப் படலம் ஒட்டச் சொல்கிறேன். அகலமான ஷெட்டில், தரையின் உமிழ்திறன் 0.9 என்று வைத்தால், தகரத்தின் அடிப்பக்க உமிழ்திறன் 0.9லிருந்து 0.05க்கு இறங்கினால் 153 வாட் 9 ஆகிறது. படலம் ஒட்டியபின் தகரம் 60ல் நிற்காது, மேலே ஏறும். ஆற்றல் சமநிலையை மறுபடி போடுங்கள். 70க்கே போனாலும் 14 வாட்டைத் தாண்டாது. பளபளப்பு கீழ்நோக்கி இருக்கட்டும், ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டி மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து உமிழ்திறன் ஏறிவிடும்.

கணக்கை நேரில் சரிபார்க்க அகச்சிவப்பு வெப்பமானியைப் படலத்தின்மேல் நேராகக் காட்டாதீர்கள். படலம் கண்ணாடிபோலப் பிரதிபலிப்பதால் எதிரே இருக்கும் தரையின் வெப்பநிலையைத்தான் அது பெரும்பாலும் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின்மேல் அளவெடுங்கள்.