துருவக் கடலில் கப்பல்: ஆபத்தைக் கணிக்கும்போது செய்யும் தவறுகள்

2007 நவம்பர் 23 அன்று அன்டார்க்டிக்காவின் கிங் ஜார்ஜ் தீவுக்கு அருகே எம்.எஸ். எக்ஸ்ப்ளோரர் என்ற பயணிகள் கப்பல் மூழ்கியது. பனிக்கடலுக்கென்றே கட்டிய கப்பல் அது. கேப்டனும் பால்டிக் பனியில் பழகியவர்தான். ஓராண்டுப் பனிக்கட்டி, அதாவது ஒரே குளிர்காலத்தில் உறைந்த கடல்பனி என்று எண்ணி அவர் நுழைந்த இடத்தில் இருந்ததோ, நிலத்துப் பனியிலிருந்து உடைந்து வந்த கடினமான கட்டி என்று விசாரணையில் தெரிந்தது. 154 பேரும் உயிர் பிழைத்தார்கள். உதவிக்கு வரும் தூரத்தில் வேறு கப்பல்கள் இருந்தன.

'எவ்வளவு பனி?' என்று கேட்டுவிட்டு 'என்ன பனி?' என்பதை விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. புதிதாக உறைந்த கடல்நீரில் உப்புநீர் குமிழ்கள் சிக்கியிருக்கும். அதனால் வலு குறைவு. கோடையைத் தாண்டிய பனியிலிருந்து உப்பு வடிந்துவிடும், அது இறுகிவிடும். நிலத்தில் பிறந்த பனியில் உப்பே கிடையாது.

சர்வதேச கடல்சார் அமைப்பின் போலாரிஸ் என்ற, பனியில் கப்பலுக்குள்ள ஆபத்தை அளக்கும் கணக்கு முறையிலும் இதே தவறில் சிக்க வாய்ப்பு உண்டு. கடல் பரப்பைப் பத்துப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கின் பனி வகைக்கும் கப்பலின் ஐஸ் கிளாஸுக்கும் (பனியைத் தாங்கும் வலுவின் தரம்) ஏற்ற மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். திறந்த நீருக்குப் பங்குக்கு 3. ஒன்பது பங்கு திறந்த நீர் என்றாலே 27 வந்துவிடும். மீதி ஒரு பங்கு கோடைகளைத் தாண்டி இறுகிய பல்லாண்டுப் பனியாக இருந்தாலும் கூட்டுத்தொகை நேர்மறைதான், அதாவது போகலாம் என்றே கணக்கு சொல்லும். கப்பலின் அடிப்பகுதியைக் கிழிக்க அந்த ஒரு பங்கு போதாதா? எண்ணைப் பார்த்து வேகத்தைக் கூட்டக் கூடாது. நீர்மட்டத்தோடு மிதக்கும் சிறு பனித்துண்டுகள் அலைக்கிடையே ரேடாரில் தெரியாமலும் போகும்.

பனியே இல்லாத நீரிலும் ஆபத்து கப்பலின் மேல் ஏறும். கடும் குளிரில் அலைத்துளி தளத்தில் உறைந்தால் மேல்பாரம் கூடிக் கப்பல் கவிழலாம். 2020 டிசம்பரில் பேரன்ட்ஸ் கடலில் ரஷ்ய மீன்பிடிக் கப்பல் ஒனேகா மூழ்கி 17 பேர் இறந்ததற்கு இப்படி உறைந்த பனியே காரணமாகச் சொல்லப்பட்டது.

உதவி சீக்கிரம் வரும் என்ற நினைப்பும் வேண்டாம். 2017 முதல் நடைமுறையில் உள்ள போலார் கோட் என்ற துருவக் கடல் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு, மீட்புக்கான காத்திருப்பைக் குறைந்தது 5 நாள் என்று வைத்தே உயிர்காக்கும் பொருட்களைத் திட்டமிடச் சொல்கிறது.

வரைபடத்தை நம்புவதிலும் கவனம் தேவை. 2010 ஆகஸ்டில் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கிளிப்பர் அட்வென்ச்சரர் என்ற பயணிகள் கப்பல் மோதித் தரைதட்டிய பாறைத்திட்டு, 2007-லேயே கண்டுபிடித்து அறிவிக்கப்பட்ட ஒன்று. அந்த அறிவிப்பு கப்பலின் வரைபடத்தில் ஏறவில்லை. போகும் பகுதிக்கான கடல் அறிவிப்புகளைப் புறப்படும் முன்பே கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.