மூலக்கூறின் வடிவத்தை எண்ணிக் கண்டுபிடிப்பது எப்படி?

நீர், கார்பன் டை ஆக்சைடு இரண்டிலும் மூன்று அணுக்கள்தான். கார்பன் டை ஆக்சைடில் அவை ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. நீர் மூலக்கூறோ 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருக்கிறது. அந்த வளைவு இல்லாவிட்டால் நீருக்கு முனைவுத்தன்மை (ஒரு பக்கம் சற்று நேர் மின்சுமை, மறுபக்கம் சற்று எதிர் மின்சுமை) இருக்காது, உப்பும் அதில் இப்படிக் கரையாது. இந்த வடிவங்களைப் பல மாணவர்கள் அட்டவணையாக மனப்பாடம் செய்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. எண்ணத் தெரிந்தால் போதும், வடிவம் தானாக வந்து சேரும்.

அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: மைய அணுவின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்த அளவு தள்ளி நிற்கின்றன. 1940-ல் வேதியியலாளர்கள் சிட்ஜ்விக், பவல் இருவரும் முன்வைத்த இந்தக் கருத்தை, 1957-ல் கில்லெஸ்பியும் நைஹோமும் தெளிவான விதிகளாக வளர்த்தெடுத்தார்கள். எதிர் மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவது மட்டும் இதற்குக் காரணமல்ல. ஒரே தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒரே இடத்தைப் பகிர முடியாது என்னும் பௌலி தவிர்க்கைத் தத்துவத்துக்கே இதில் பெரும் பங்கு.

படி 1: இரட்டைகளை எண்ணுங்கள்

மைய அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எழுதுங்கள். ஒற்றைப் பிணைப்பில் சேரும் ஒவ்வோர் அணுவுக்கும் ஒன்று கூட்டி, இரண்டால் வகுத்துவிடுங்கள். மீத்தேன்: 4 + 4 = 8, ஆக 4 இரட்டைகள். அம்மோனியா: 5 + 3 = 8, மீண்டும் 4. நீர்: 6 + 2 = 8, அதுவும் 4. அயனியாக இருந்தால் எதிர் மின்சுமைக்குக் கூட்டுங்கள், நேர் மின்சுமைக்குக் கழியுங்கள்.

இரட்டைப் பிணைப்பு இருந்தால் இந்தக் கூட்டல் உதவாது. அங்கே ஒரு பிணைப்பு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ண வேண்டும். கார்பன் டை ஆக்சைடில் இரண்டே தொகுதிகள், அதனால்தான் நேர்கோடு.

படி 2: அவற்றை இடத்தில் அமர்த்துங்கள்

இரண்டு என்றால் 180 டிகிரி நேர்கோடு. மூன்று என்றால் 120 டிகிரியில் சமதள முக்கோணம். நான்கு என்றால் நான்முகி, 109.5 டிகிரி. ஐந்து என்றால் முக்கோண இருபிரமிடு (அடியோடு அடி ஒட்டிய இரண்டு முக்கோணப் பிரமிடுகள்), ஆறு என்றால் எண்முகி. நான்கு பலூன்களின் வாய்களைச் சேர்த்துக் கட்டிப் பாருங்கள், அவை தாமாகவே நான்முகியின் திசைகளில் விரிந்து நிற்கும்.

படி 3: தனித்த இரட்டைகளைப் பிரித்தறியுங்கள்

தொடக்க நிலையில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மேலே பார்த்த மூன்று மூலக்கூறுகளிலும் இரட்டைகள் நான்முகியாகத்தான் அமைகின்றன. ஆனால் வடிவத்துக்குப் பெயர் சொல்லும்போது அணுக்களின் இருப்பிடத்தை மட்டுமே பார்க்கிறோம். அம்மோனியாவில் ஓர் இரட்டை பிணைப்பில் சேராமல் தனித்து நிற்கிறது, எனவே வடிவம் முக்கோணப் பிரமிடு. நீரில் இரண்டு தனித்து நிற்கின்றன, எனவே வளைந்த வடிவம்.

தனித்த இரட்டை ஒரே ஓர் அணுக்கருவின் பிடியில் இருப்பதால் மைய அணுவுக்கு அருகே பரந்து விரிகிறது, பக்கத்துப் பிணைப்புகளை நெருக்குகிறது. மீத்தேனில் 109.5 ஆக இருக்கும் கோணம் அம்மோனியாவில் ஏறத்தாழ 107, நீரில் 104.5 என்று குறைவது இதனால்தான். கோணம் எந்தப் பக்கம் மாறும் என்பதை இந்த முறை சொல்லும், துல்லியமான அளவைச் சொல்லாது. ஹைட்ரஜன் சல்ஃபைடிலும் இதே எண்ணிக்கைதான், ஆனால் அளந்து பார்த்தால் கோணம் ஏறத்தாழ 92 டிகிரி.

படி 4: ஐந்து இரட்டைகள் வந்தால் நிதானியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு குளோரின் டிரைஃபுளூரைடு. 7 + 3 = 10, ஐந்து இரட்டைகள், அவற்றில் இரண்டு தனித்தவை. இருபிரமிடில் எல்லா இடங்களும் சமமல்ல. மேல், கீழ் முனைகளில் இருக்கும் இரட்டைக்கு 90 டிகிரியில் மூன்று அண்டை இரட்டைகள் உண்டு, நடுவட்டத்தில் இருப்பதற்கு இரண்டே. அதிக இடம் தேவைப்படும் தனித்த இரட்டைகள் நடுவட்டத்தையே பிடிக்கின்றன. எஞ்சிய மூன்று ஃபுளூரின் அணுக்களும், ஆங்கில எழுத்து ‘T’ போல, ஒரு நேர்கோட்டின் நடுவிலிருந்து செங்குத்தாக இன்னொரு கோடு கிளம்பும் வடிவில் நிற்கின்றன. தனித்த இரட்டைகளின் நெருக்கலால் அந்தச் செங்கோணமும் 87.5 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது.

இனி நீங்களே டிரைஅயோடைடு அயனியைச் செய்து பாருங்கள்: மூன்று அயோடின் அணுக்கள், ஓர் எதிர் மின்சுமை. 7 + 2 + 1 = 10, ஐந்து இரட்டைகள், தனித்தவை மூன்று. மூன்றும் நடுவட்டத்தை நிரப்பிவிட்டால், மற்ற இரு அணுக்களுக்கு எந்த இடங்கள் மிஞ்சும் என்று வரைந்து பாருங்கள்.