திருகோணமலையில் கராஜ் போடுகிறீர்களா? ஸ்பேனருக்கு முன் தரையைப் பாருங்கள்

கராஜ் போட நினைக்கிறவர்கள் கையில் காசு வந்ததும் ஸ்பேனர் பெட்டியும் கொம்பிரசரும் வாங்கத்தான் ஓடுகிறார்கள். நான் பார்த்த பெரிய தவறு இதுதான். ஸ்பேனரை அடுத்த மாதமும் வாங்கலாம். போட்ட தரையையும் ஏற்றிய கூரையையும் அப்படி மாற்ற முடியாது.

இரண்டு தூண் ஹொயிஸ்ட் வாகனத்தை ஏறக்குறைய 6 அடி தூக்கும். கேடிஎச் வான் ஒன்றின் உயரம் இன்னுமொரு ஆறரை அடி. 10 அடியில் தகரம் போட்டவர் அந்த வானுக்கு அடியில் குனிந்தே வேலை செய்ய வேண்டியதுதான். 14 அடி விடுங்கள். ஹொயிஸ்ட் நிற்கும் இடத்தில் கொங்கிரீட் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஊற்றி 28 நாள் முற்றிய பிறகே போல்ட் இறுக்க வேண்டும்.

ஹொயிஸ்டுக்குக் காசு போதாது, வாகனத்துக்கு அடியில் நின்று வேலை செய்யத் தரையில் கிடங்கு வெட்டுவோம் என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடலோர மணலில் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறும். மார்கழி மழைக்குக் கிடங்கு கிணறாகிவிடும். அதைவிட ஆபத்தானது பெற்றோல் ஆவி. அது காற்றைவிடப் பாரமானது. கிடங்குக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். அதற்குள் சாதாரண 230 வோல்ட் பல்பைத் தொங்கவிட்டுப் பொடியன்கள் வேலை செய்வதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். பல்ப் கை தவறி விழுந்து உடைந்தால் அந்த ஒரு பொறியே போதும். பெற்றோல் டாங்கி கழற்றும் வேலையைக் கிடங்கின் மேல் வைத்துச் செய்யவே வேண்டாம். காற்றோட்டமான வெளியில் செய்யுங்கள். அப்புறம், ஜக்கை மட்டும் நம்பி எந்த வாகனத்துக்கு அடியிலும் புகாதீர்கள். வாகனத்தைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்துவிட்டுப் புகுங்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் தூசி பறக்கும். திறந்த கொட்டிலில் எஞ்சினைப் பிரித்துப் போட்டால் மண் உள்ளே போகும். அதற்கென்று சின்னதாய் ஒரு மூடிய அறை கட்டுங்கள். உப்புக் காற்றில் ஆயுதங்கள் துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். கொம்பிரசர் டாங்கியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் அடிக்கும்போது அந்தத் தண்ணீர் காற்றோடு வந்து பெயின்டைக் கெடுக்கும்.

பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். கான் கடலுக்குத்தான் போகிறது, அந்தக் கடலில்தான் எங்கள் ஆட்கள் மீன் பிடிக்கிறார்கள். பீப்பாயில் சேர்த்து வையுங்கள். வாகனம் கழுவும் சர்விஸும் செய்வதென்றால் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் பற்றி அத்திவாரம் வெட்டும் முன்பே கேளுங்கள். தொட்டிக்கு இடம் விட்டு வரைபடம் போடலாம்.