வார்டில் இருப்பவருக்குச் சத்துக் குறைவா? கண்டுபிடிப்பது எப்படி

சேலம், ஏற்காடு பக்கம் புதிதாக வார்டு டியூட்டிக்கு வந்திருக்கும் நர்ஸ்களுக்கும் டயட் படிக்கும் மாணவர்களுக்கும் இது. ஆள் ஒல்லியா குண்டா என்று பார்த்தே முடிவு கட்டிவிடாதீர்கள். எடை மெஷின், இன்ச் டேப், நாலு கேள்வி போதும். 2003இல் பிரிட்டனில் வந்த ‘மஸ்ட்’ என்ற மதிப்பெண் முறையைத்தான் சொல்கிறேன்.

முதலில் பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண். 20க்கு மேல் என்றால் மதிப்பெண் 0, 18.5 முதல் 20 வரை 1, அதற்கும் கீழே 2. கால் வீங்கியிருந்தாலோ வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ மெஷினை நம்ப வேண்டாம். எழுந்து நிற்க முடியாதவருக்கு இடது கையை அளக்கலாம். முழங்கையை மடக்கச் சொல்லி, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் புள்ளி வையுங்கள். அப்புறம் கையைத் தொங்கவிடச் சொல்லி, புள்ளி மேல் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். 23.5 செ.மீ.க்குள் இருந்தால் பிஎம்ஐ 20க்குக் கீழே இருக்கத்தான் வாய்ப்பு.

அடுத்து, 3–6 மாதத்தில் தானாகக் குறைந்த எடை. 5 சதவீதத்துக்குள் 0, 5–10 என்றால் 1, அதற்கு மேல் 2. பழைய எடை பலருக்கும் நினைவிருக்காது. “ஆயா, ஜாக்கெட் தொளதொளன்னு ஆயிடுச்சா? கொலுசு கழண்டு வருதா?” என்று கேளுங்கள், பதில் வரும். சுகர் நோட்டு இருந்தால் அதையும் புரட்டுங்கள். உதாரணமாக, உயரம் 150 செ.மீ., நோட்டில் 3 மாதம் முன்பு 52 கிலோ, இன்று 46. பிஎம்ஐ 20.4, அதற்கு 0தான். ஆனால் 11 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறார், 2 மதிப்பெண். பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பார்!

மூன்றாவது, கடும் நோயில் 5 நாளுக்கு மேல் சாப்பாடே இறங்கவில்லை, அல்லது இறங்காது என்றால் இன்னொரு 2.

கூட்டுங்கள். 0 என்றால் வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். 1 என்றால் 3 நாள் சாப்பாட்டைக் குறித்து வையுங்கள். “சாப்பிட்டார்” என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. நம்மூர் ஜவ்வரிசிக் கஞ்சி முழுக்க மாவுச்சத்து. மூன்று வேளையும் அதுவே என்றால் புரதம் ஏறக்குறைய இல்லை. 2க்கு மேல் போனாலும், 2 என்றாலுமே, அன்றே டயட்டீசியனுக்குச் சொல்லிவிடுங்கள். ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். காய்ச்சல், தொற்று வந்தாலே அது இறங்கிவிடும்.

5 நாளுக்கு மேல் சாப்பிடாதவருக்கு, பாசத்தில் வீட்டார் ஒரேயடியாக ஊட்டிவிடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் 2 நாள் தேவையில் பாதிக்கு மேல் போகாமல், டாக்டரைக் கேட்டுக் கூட்டுங்கள்.